இருப்புப்பாதைப் பணியாளருக்கு எஞ்சும் விநாடிகள்

திருவனந்தபுரத்திற்கு இருப்புப்பாதை 1918-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. கொல்லத்திலிருந்து வந்த அந்த மீட்டர் பாதை முதலில் சாலைக் கடைவீதியின் பக்கத்தில் முடிவுற்றது. 1931-இல் தம்பானூர் நிலையம் ஏற்பட்ட பின்னரே வண்டிகள் நகரின் நடுப்பகுதி வரை வந்தன. அக்காலத்தில் ஓடியவை நீராவி என்ஜின்கள். அவற்றின் மூச்சிரைப்பும் புகையும் வண்டி வருமுன்னரே அதன் வரவைத் தெரிவித்துவிடும். ஒற்றைப் பாதையாகையால் எதிரெதிராக இரு வண்டிகள் ஒரே நேரத்தில் வருதல் இயலாது. தண்டவாளங்கள் துண்டு துண்டாகப் பிஷ்பிளேட் தகடுகளால் இணைக்கப்பட்டிருந்தன. சக்கரம் ஒவ்வோர் இணைப்பையும் கடக்கும்போது எழும் அடியோசை தண்டவாளத்தின் வழியே முன்னோடி வந்தது. ஜல்லியைக் கிளறிக்கொண்டிருக்கும் தொழிலாளி தலையைத் தூக்கிப் பாராமலே விலகி நிற்க இவ்வோசைகள் போதியவையாயிருந்தன.

இன்று இப்பாதையின் நிலை வேறு. 1976-இல் எர்ணாகுளம், கொல்லம், திருவனந்தபுரம் மார்க்கம் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. 1979-இல் கன்னியாகுமரி வரை பாதை நீண்டது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் தேதி திருவனந்தபுரம் தனிக் கோட்டமாயிற்று. பின்னர் மின்சார என்ஜின்கள் வந்தன. 2022 மே மாதத்தில் ஏற்றுமானூர், சிங்ஙவனம் பகுதி முடிவுற்றதுடன் திருவனந்தபுரத்திலிருந்து மங்களூர் வரை இரட்டைப் பாதை நிறைவெய்தியது. 2023 ஏப்ரல் 25-ஆம் தேதி முதல், தனி என்ஜின் இன்றித் தன் பெட்டிகளில் அமைந்த மோட்டார்களாலேயே ஓடும் வந்தே பாரத் வண்டியும் இம்மார்க்கத்தில் செல்கிறது.

இம்மாறுதல்கள் யாவும் பிரயாணிகளுக்கு நன்மை பயந்தவை. ஆனால் பாதையின் மேல் நின்று வேலை செய்பவர் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறொரு கணக்குத் தெரியவரும். நீராவி என்ஜின் போனபோது முதல் எச்சரிக்கை போயிற்று. தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து, கான்கிரீட் குறுக்குக் கட்டைகளின்மேல் ரப்பர் அட்டை விரித்து அமைத்தபோது இரண்டாவது எச்சரிக்கை குறைந்தது. ஏனெனில் இணைப்பின் அடியோசை எழுவதில்லை, எழும் அதிர்வையும் ரப்பர் உறிஞ்சிக்கொள்கிறது. எஃகினுள் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்லும், காற்றினுள் 350 மீட்டரே செல்லும் என்பது பள்ளிப் பாடம். எனினும் விரைந்து செல்லும் ஒலி நெடுந்தூரம் வந்து சேர வேண்டும் என்பதில்லை. இரட்டைப் பாதை வந்தபோது மூன்றாவது எச்சரிக்கையும் குலைந்தது. ஒரு வண்டிக்கு விலகுபவர் அடுத்த பாதையில் கால் வைக்கிறார். அங்கே மறுதிசை வண்டி வரக்கூடும். முதல் வண்டியின் பேரோசை இரண்டாவது வண்டியின் ஓசையை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

ஆகவே, முன்பு தானாகவே கிடைத்த எச்சரிக்கையை இப்போது ஏற்பாட்டினால் உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது. இதில் ஏற்படும் குறை சிறியதன்று. டாக்டர் அனில் ககோட்கர் தலைமையில் அமைந்த உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012-இல் தன் அறிக்கையை அளித்தது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியிலிருந்தபோது உயிரிழந்த ரயில்வே ஊழியர்கள் ஏறக்குறைய 1,600 பேர் என்று அதில் கூறப்பட்டது. அதே காலத்தில் ரயில் விபத்துகளில் மாண்டவர்களின் தொகையைக் காட்டிலும் இது அதிகம். ரயில் விபத்து நாளிதழின் முதல் பக்கத்தில் வெளியாகிறது. பாதையில் ஒருவராக, இருவராக மாய்ந்தவர்கள் உள்பக்கத்தில் நான்கு வரிகளோடு மறைந்துவிடுகின்றனர்.

விநாடிக் கணக்கு

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 27.8 மீட்டர் கடக்கிறது. வண்டி வருகிறது என்ற குரல் கேட்டதும் தொழிலாளி செய்ய வேண்டியவை பல. குரலை உணர வேண்டும், நிமிர வேண்டும், எத்திசையில், எப்பாதையில் என்று அறிய வேண்டும், கடப்பாரையையும் தூக்குயந்திரத்தையும் தண்டவாளத்தை விட்டு அகற்ற வேண்டும், ஜல்லிச் சரிவில் கால் வழுவாமல் இறங்க வேண்டும். இவற்றிற்கு 15 விநாடி எனக் கொள்வோம். வண்டி வந்து சேர்வதற்குக் குறைந்தது 10 விநாடிக்கு முன்னரே எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது பிரிட்டன் முதலிய நாடுகளில் கைக்கொள்ளப்படும் விதி. இரண்டையும் கூட்ட 25 விநாடி. அந்நேரத்தில் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ 700 மீட்டர்.

இங்குக் கருவிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்டவாளத்தின்மேல் விடப்பட்ட இரும்புக் கருவி வண்டியைத் தடம்புரளச் செய்யலாம் என்பதைத் தொழிலாளி நன்கு அறிவார். ஒதுங்கி நின்றபின்னும் அதை எடுப்பதற்காக அவர் திரும்பி ஓடுவதற்குக் காரணம் இந்த அறிவே. அதை அலட்சியம் என்று எழுதிவிடுவது நியாயமன்று. திரும்பி ஓட வேண்டாத அளவுக்கு நேரம் கொடுப்பதுதான் முறை.

வளைவும் புதரும்

700 மீட்டர் தூரம் பாதை கண்ணுக்குத் தெரியுமா என்பதே அடுத்த வினா. திருவனந்தபுரம் கோட்டத்தின் நிலப்பரப்பு இதற்கு இணக்கமானதன்று. கடலுக்கும் மலைக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நாட்டில், வெட்டுக்கல் எனப்படும் செம்பாறைக் குன்றுகளை வெட்டியும், காயலோரங்களில் கரை எழுப்பியும் பாதை போடப்பட்டுள்ளது. வளைவுகள் மிகுதி. வளைவின் உட்புறத்தில் வெட்டுச் சுவரோ, வீட்டு மதிலோ, தென்னந்தோப்போ இருந்தால் பார்வை தடைப்படும்.

எவ்வளவு தடைப்படும் என்பதை எளிய வடிவகணிதத்தால் காணலாம். வளைவின் ஆரத்தையும், பாதையின் நடுக்கோட்டிலிருந்து தடை இருக்கும் தூரத்தையும் பெருக்கி, எட்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் பார்வைத் தூரம் கிடைக்கும். 600 மீட்டர் ஆரமுள்ள வளைவில் தடை 3 மீட்டரில் இருக்குமாயின் விடை 120 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இத்தூரத்தை 4.3 விநாடியில் கடந்துவிடும். நிமிர்ந்து பார்ப்பதற்கே அது போதுமோ போதாதோ.

தடையை 12 மீட்டருக்கு அப்பால் தள்ளினால் பார்வை 240 மீட்டராகிறது. அதாவது நான்கு மடங்கு அகலம் துப்புரவு செய்தால் பார்வை இரு மடங்காகும். 700 மீட்டர் தெரிய வேண்டுமென்றால் உட்புறத்தில் நூறு மீட்டருக்கும் மேல் வெளியாக்க வேண்டும். வீடும் தோட்டமும் நெருங்கிய கேரளத்தில் அது நடவாத காரியம். எனினும் நான்கு விநாடி எட்டு விநாடியாவது அற்பமன்று. இங்கே புதர் வெட்டுதல் அழகுக்காகச் செய்யும் வேலையன்று. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களுக்குள் கொடிகளும் செடிகளும் முன்னிருந்த உயரத்திற்கு வந்துவிடுகின்றன; அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை மறுமுறையும் அவற்றை வளர்க்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்னும் அட்டவணை வறண்ட மாவட்டங்களுக்குப் பொருந்தலாம், இக்கோட்டத்திற்குப் பொருந்தாது.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளி மைதானத்தில் காட்டலாம். 6 மீட்டர் நீளமுள்ள கயிற்றால் ஒரு வட்டவில் வரைந்து, அதன் உட்புறம் 3 சென்டிமீட்டர் தள்ளி ஓர் அட்டையை நிறுத்துக. வட்டவில்லின் இரு பக்கத்திலும் தரையளவில் கண்ணை வைத்து நோக்கும் இரு மாணவர்கள், தங்களுக்கிடையே 1.2 மீட்டருக்கு மேல் தூரம் ஏற்பட்டதும் ஒருவரையொருவர் காண மாட்டார்கள். அட்டையை 12 சென்டிமீட்டர் தள்ளினால் 2.4 மீட்டர் வரை காண்பர். ஒன்றுக்கு நூறு என்னும் அளவில் இது முன்சொன்ன வளைவேயாகும்.

செவியின் நிலை

கண்ணுக்குத் தெரியாததைக் காது கேட்குமே என்று எண்ணலாம். என்ஜினின் ஊதல் 5 மீட்டர் தூரத்தில் 120 டெசிபெல் என்று கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு 6 டெசிபெல் குறையும். 5 மீட்டரை ஏழு தடவை இரட்டித்தால் 640 மீட்டர், குறைவு 42, எஞ்சுவது 78 டெசிபெல். அமைதியான இடத்தில் இது தெளிவாகக் கேட்கும். ஆனால் இன்று பாதையில் தண்டவாளம் அறுக்கும் யந்திரமும், சாணையிடும் யந்திரமும், ஜல்லியை இறுக்கும் கைக்கருவிகளும் பெட்ரோல் அல்லது மின்சாரத்தால் இயங்குகின்றன. இவற்றின் அருகில் ஒலி 90 டெசிபெலைத் தாண்டும். காதைக் காப்பதற்காக அணியும் உறை ஊதலையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது. மழைக்காலத்தில் தலையை மூடும் மழைச்சட்டை காதையும் கடைக்கண் பார்வையையும் ஒருங்கே மறைக்கிறது.

2019 ஜூலை 3-ஆம் தேதி பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மார்கம் என்னுமிடத்தில் இது நிகழ்ந்தது. பெட்ரோலால் இயங்கும் கருவியைக் கொண்டு மூவர் ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தனர். போக்குவரத்து நிறுத்தப்படாத பாதை. காவலாள் எவரும் நியமிக்கப்படவில்லை. மூவரும் காதுறை அணிந்திருந்தனர் என்றே புலனாய்வில் கொள்ளப்பட்டது. ஓட்டுநர் ஊதியும் அவர்கள் அறியவில்லை. இருவர் மாண்டனர்; மூன்றாமவர் மயிரிழையில் தப்பினார். அனுபவமற்றவர்களாயிருந்ததால் நேர்ந்த விபத்தன்று அது. வேலையில் ஆழ்ந்தவனுக்குச் சுற்றுப்புறம் மறந்துபோகும் என்பது மனித இயல்பு. நல்ல வேலைக்காரனுக்கு அது இன்னும் கூடுதலாக நேரும். ஆகவே, வேலை செய்பவரே வண்டியையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்னும் ஏற்பாடு அடிப்படையிலேயே பிழையானது.

கொடியும் வெடியும் காவலாளும்

இந்திய ரயில்வேயின் பொதுவிதிகள் இதை உணர்ந்தே அமைந்துள்ளன. வண்டி நிற்க வேண்டிய அளவுக்குப் பாதையைத் தொந்தரவு செய்யும் வேலையாயின், அகலப் பாதையில் வேலை நடக்கும் இடத்திலிருந்து 600 மீட்டரில் தண்டவாளத்தின் குறுக்கே சிவப்புப் பதாகைக் கொடியும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் வெடிகளும் வைக்கப்பட வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடி ஓசையெழுப்பும்; மூடுபனியிலும் கனமழையிலும் கொடி தெரியாவிட்டாலும் ஓட்டுநர் அபாயத்தை அறிந்துகொள்வார். 1,200 மீட்டர் என்பது ஏதோவொரு முழு எண்ணாக எடுத்துக்கொள்ளப்பட்டதன்று. எஃகுச் சக்கரத்திற்கும் எஃகுத் தண்டவாளத்திற்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. சக்கரம் உருளும்போது எழும் தடை குறைவாயிருப்பதாலேதான் ஓர் என்ஜின் இருபத்துநான்கு பெட்டிகளை இழுக்கிறது. பிடிப்பு குறைவாயிருப்பதாலேயே அவ்வண்டியை உடனே நிறுத்த முடிவதில்லை. விநாடிக்கு விநாடி 0.6 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது எனின், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு ஏறத்தாழ 640 மீட்டர் வேண்டும். எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் முழுவதும் பிடிப்பதற்குள் ஓடிவிடும் தூரம் தனி.

வண்டியை நிறுத்தத் தேவையில்லாத சிறு வேலைகளுக்கு இவ்வளவு காவல் கிடையாது. அங்கே வண்டியைப் பார்த்துச் சொல்வதற்கென நிறுத்தப்படும் காவலாள் ஒருவரே துணை. அவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. கூட்டத்தின் நடுவிலேயே நின்றால் அவருக்கும் அதே 120 மீட்டர்தான் தெரியும். வளைவுக்கு அப்பால், பாதை நெடுந்தூரம் தெரியும் இடத்தில் ஒருவரும், அவருடைய கொடியையும் வேலையிடத்தையும் ஒருசேரக் காணக்கூடிய இடத்தில் மற்றொருவரும் நிற்க வேண்டும்; ஊதலும் கொடியும் கைமாறி வர வேண்டும். ஆள் பற்றாக்குறையுள்ள நாளில் இந்த இரண்டாவது ஆள்தான் முதலில் வேலைக்கு இழுத்துக்கொள்ளப்படுகிறார். ஜல்லி கிளறும் கைகள் ஒன்று கூடுவது கண்ணுக்குத் தெரிகிறது. குறைந்துபோன பத்து விநாடி கண்ணுக்குத் தெரிவதில்லை. மேற்பார்வையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

இவற்றையெல்லாம்விடச் சிறந்தது, வேலை நடக்கும் நேரத்தில் வண்டியே வராமல் செய்வது. பாதையை வேலைக்கென ஒதுக்கி வாங்குவதை ரயில்வேயில் பிளாக் என்பர். இரட்டைப் பாதையில் ஒன்றை ஒதுக்கினாலும் மற்றதில் வண்டி ஓடுமாதலால் அப்போதும் காவல் தேவை. போக்குவரத்து மிகுந்த கேரள மார்க்கத்தில் பிளாக் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் பெரும்பாலும் குறுகிய நேரமே. ஒரு வண்டி அரைமணி தாமதித்தால் பிரயாணிகள் முணுமுணுக்கின்றனர். அந்த அரைமணி சில வேளைகளில் பாதையில் ஒரு கூட்டம் அச்சமின்றி வேலை செய்த அரைமணியாக இருக்கலாம் என்பதை அவர்கள் அறிவதற்கு வழியில்லை. மார்கம் விபத்திற்குப் பின்னர் பிரிட்டனில் காவலாளின் கண்ணை மட்டும் நம்பிச் செய்யும் வேலைகள் வெகுவாகக் குறைக்கப்பட்டு, பாதையை ஒதுக்கிச் செய்யும் வேலைகள் கூட்டப்பட்டன.

ஓட்டுநர் அறையில்

ஓட்டுநரின் நிலையையும் இங்கு நோக்குதல் தகும். 120 மீட்டரில் ஓர் ஆளைக் காணும் ஓட்டுநரால் வண்டியை நிறுத்த இயலாது என்பது மேற்கண்ட கணக்கால் விளங்கும். அவரிடம் எஞ்சியிருப்பது ஊதல் ஒன்றே. எனவேதான் வளைவுகளுக்கும் வெட்டுகளுக்கும் முன்னே ஊதல் பலகைகள் நடப்பட்டுள்ளன. ஆள் தென்பட்டாலும் தென்படாவிட்டாலும் அவ்விடத்தில் ஊதல் ஒலிக்க வேண்டும்.

ஓட்டுநரின் விழிப்பைக் காக்க என்ஜினில் ஒரு விழிப்புச் சாதனம் உண்டு. ஏறத்தாழ 60 விநாடி அவர் எந்தக் கைப்பிடியையும் விசையையும் தொடாவிட்டால் ஒரு விளக்கு மின்னும். 8 விநாடி கழித்து ஒலியும் சேரும். மேலும் 8 விநாடி அவர் அசையாவிட்டால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். மொத்தம் 76 விநாடி. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஓட்டுநர் மயங்கிவிட்டாலோ உறங்கிவிட்டாலோ இது உதவும். கண் திறந்திருந்தும் கருத்து வேறிடத்தில் இருக்கும் நிலையை இது அறியாது. அதற்கு உதவுவது மிகப் பழைய முறையொன்று. சிக்னலைக் கண்டதும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்லுதல் நம் ரயில்வேயில் வழக்கம். ஜப்பானில் இது இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1994-இல் செய்த சோதனையில், ஓர் எளிய வேலையைப் பேசாமல் செய்தவர்களிடம் நூற்றுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிக்காட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தது. கையும் வாயும் சேரும்போது மனம் விலகி ஓட இடமில்லை. பாதைக் காவலாளும் தன் கொடியைத் தூக்கும்போது பாதையின் பெயரையும் திசையையும் உரக்கச் சொன்னால் அதே பயன் விளையும், செலவு ஒன்றுமில்லை.

வானொலி தரும் எச்சரிக்கை

மழைக்காலத்தில் இரவு முழுதும் தனியே நடந்து பாதையைச் சோதிக்கும் காவற்காரருக்குக் காவலாள் வைக்க முடியாது. ஒவ்வொரு நாளும் தமக்குரிய பகுதியை நடந்து, தளர்ந்த பிடிகளை இறுக்கும் கீமேனும் தனியாள்தான். இவர்களுக்கென வந்தது ரக்ஷக் என்னும் வானொலிச் சாதனம். நிலையத்திலிருந்து வண்டி புறப்பட்டுக் குறிப்பிட்ட சிக்னலைக் கடந்ததும், தண்டவாளத்தோடு இணைந்த மின்சுற்று அதனை உணர்ந்து ஒலிபரப்பியை இயக்கும். இடுப்பிலோ தோளிலோ உள்ள கைக்கருவி ஒலியாலும் அதிர்வாலும் விளக்காலும் எச்சரிக்கும். வண்டி மேல்திசையில் வருகிறதா கீழ்த்திசையில் வருகிறதா என்பதையும் விளக்கு காட்டும். இந்திய ரயில்வேயின் சில கோட்டங்களில் இது உபயோகிக்கப்பட்டு வருகிறது. யந்திரத்தின் இரைச்சலில் காது பயன்படாதபோதும் உடலின்மேல் படும் அதிர்வு உணரப்படும் என்பது இதன் சிறப்பு.

இதற்கும் வரம்புகள் உள. இச்சாதனம் பயன்படுத்தும் மிக உயர் அலைவெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆழ்ந்த வெட்டும் குன்றும் அவற்றை மறைத்து நிழல் உண்டாக்கும். பார்வை மிகவும் குறைந்த இடமும் வானொலி குன்றும் இடமும் பல வேளைகளில் ஒன்றாகவே இருப்பது இதிலுள்ள சங்கடம். வெட்டின் மேட்டில் இடைபெருக்கி அமைத்தாலன்றி அங்கே கருவியை நம்பலாகாது. மற்றொன்று, எச்சரிக்கை மிகவும் முன்னதாக வருதல். 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தில் வண்டி புறப்பட்டதும் கருவி ஒலித்தால், வண்டி வந்து சேர ஆறு நிமிஷமாகும். ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிஷம் கைகட்டி நிற்க மேஸ்திரி விரும்புவதில்லை. இன்னும் கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்னும் பழக்கம் இங்கேதான் தோன்றுகிறது. கருவியின் ஒலி விலகுவதற்கான கட்டளையா, விலகத் தயாராவதற்கான அறிவிப்பா என்பதை வேலை தொடங்குமுன்னரே தீர்மானித்துச் சொல்லிவிட வேண்டும்.

காவற்காரர்களுக்கு இப்போது இருப்பிடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் வழங்கப்படுகிறது. அவர் எங்கே நடக்கிறார் என்பது அதனால் அலுவலகத்திற்குத் தெரிகிறது. வண்டி எங்கே வருகிறது என்பது அதனால் அவருக்குத் தெரிவதில்லை. 2020-இல் தேசிய அளவில் ஏற்கப்பட்ட கவச் என்னும் தானியங்கிப் பாதுகாப்பு முறை, ஓட்டுநர் சிவப்புச் சிக்னலைத் தாண்டாமல் தடுத்து, வண்டியையும் வண்டியிலுள்ளோரையும் காப்பதற்காக அமைந்தது. பாதையில் குனிந்து நிற்பவரின் தேவை வேறு. அவருக்கு வேண்டியது வண்டியின் தூரமும் நேரமும். இரண்டையும் ஒன்றென எண்ணிவிடலாகாது.

பாலத்தின்மேல்

2024 நவம்பர் 2-ஆம் தேதி பிற்பகலில், புதுடில்லியிலிருந்து திருவனந்தபுரம் நோக்கி வந்த கேரளா எக்ஸ்பிரஸ், ஷொர்ணூருக்கு அருகில் பாரதப்புழைப் பாலத்தில் நால்வர்மீது மோதியது. பாதையிலிருந்து குப்பை அகற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள். இரு ஆண்களும் இரு பெண்களும். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நால்வரும் உயிரிழந்தனர்.

பாலத்தின்மேல் இறங்கி ஒதுங்குவதற்குச் சரிவு கிடையாது. அங்கங்கே பக்கவாட்டில் அமைந்த சிறு மேடைகள்தாம் புகலிடம். அவற்றிடையே தூரம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது பொதுவான அளவு. இரண்டு மேடைகளுக்கும் நடுவில் இருப்பவர் 50 மீட்டர் கடக்க வேண்டும். கட்டைமேல் கட்டையாகக் கால் வைத்து, கீழே ஆறு தெரிய, கையில் மூட்டையோடு நடப்பவர் விநாடிக்கு ஒரு மீட்டர் செல்வாரென்று கொண்டாலும் 50 விநாடியாகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமுள்ள வண்டி அதற்குள் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் வந்துவிடும். வேகம் அதில் பாதியாயிருப்பினும் 700 மீட்டர். கண்ணால் கண்டபின் ஓடுவது என்னும் முறை பாலத்தின்மேல் பயன்படாது என்பதை இக்கணக்கே காட்டுகிறது. பாலத்தில் ஏறுமுன்னரே நிலைய அதிபரிடமிருந்து வண்டிகளின் நேரம் அறிதல், பாலத்தின் இரு கோடிகளிலும் காவல் நிறுத்துதல், இவை இன்றி அங்கே எவரையும் அனுப்பலாகாது.

அவ்வாண்டு ஜூலை 13-ஆம் தேதி திருவனந்தபுரத்திலேயே வேறுவகையான விபத்து ஒன்று நேர்ந்திருந்தது. தம்பானூரில் நிலையத்தின் அடியிலே சுரங்கமாகச் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர், மழையால் பெருகிய நீரில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடுதலுக்குப் பின் 15-ஆம் தேதி அவருடைய உடல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் கண்டெடுக்கப்பட்டது. இங்கே வந்தது வண்டியன்று, வெள்ளம். ஆயினும் கணக்கு ஒன்றே. மேலே எங்கோ பெய்யும் மழை கால்வாயின் வாயில் பெருக்கெடுக்க எத்தனை நிமிஷமாகும், உள்ளே இருப்பவர் வெளியேற எத்தனை நிமிஷமாகும், இரண்டாவது முதலாவதை விடக் குறைவானதா என்பதை இறங்குமுன் கேட்க வேண்டியவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மாண்டவர் ஐவரும் ரயில்வேயின் நிரந்தரப் பணியாளர் பட்டியலைச் சேராதவர்கள். நிரந்தரப் பணியாளருக்குப் பயிற்சிப் பள்ளி உண்டு, விதிநூல் உண்டு, ஆண்டுதோறும் திருப்பிச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் வருபவர் இன்று ஒரு நிலையத்திலும் நாளை மற்றொன்றிலும் வேலை செய்கிறார். அவ்விடத்தின் வளைவையும், வண்டி வரும் நேரங்களையும், எந்தப் பாதையில் எத்திசை வண்டி ஓடும் என்பதையும் அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ரக்ஷக் கருவியும் அவர் கைக்கு எளிதில் வருவதில்லை.

மொழியும் ஒரு தடை. கேரளத்தில் பாதை வேலைக்கு வருபவர்களில் தமிழ் பேசுவோரும், வங்காளி, ஒரியா, அஸாமி, ஹிந்தி பேசுவோரும் உள்ளனர். காவலாள் மலையாளத்தில் கூவும் ஒரு சொல் அவசரத்தில் புரியாமற்போகலாம். எனவே சொல்லைக் காட்டிலும் ஊதலையும் கொடியையும் நம்புவதே நன்று. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஊதல் ஒலித்ததும் எப்பக்கம் இறங்குவது, கருவியை எங்கே வைப்பது, இரண்டாவது பாதையில் ஏன் நிற்கலாகாது என்பதை எல்லோரும் ஒருமுறை உண்மையாகவே செய்து பார்க்க வேண்டும். அந்த ஒத்திகையில் கடைசி ஆள் ஒதுங்கி நிற்க எத்தனை விநாடியாயிற்று என்பதை மேற்பார்வையாளர் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளலாம். அவ்விநாடிகளோடு பத்தைக் கூட்டி, அப்பகுதியில் வண்டி ஓடும் வேகத்தால் பெருக்கினால், காவலாள் எவ்வளவு தூரம்வரை பாதையைக் காண வேண்டும் என்பது கிடைத்துவிடும். கூட்டத்தில் முதியவரோ, கால் நோவுள்ளவரோ வந்த நாளில் அத்தூரம் கூடும். காவலாள் அன்று இன்னும் அப்பால் தள்ளி நிற்க வேண்டும்.